பிள்ளைகள் பேசும் இழை: பிடித்த புத்தகம் எது, அதில் எந்தப் பக்கம்?

நூலக_அக்கா (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலை பிள்ளைகள் கூடிப் புத்தகம் பேசுவார்கள். பேசுவார்கள் என்பதைவிடச் சண்டை போடுவார்கள் என்று சொல்லலாம். விடுமுறை விட்டாயிற்று, மற்ற ஊர்ப் பிள்ளைகளும் வந்து சேரட்டும் என்றுதான் இந்த இழை.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தட்டச்சு வராத பிள்ளைக்கு நீங்கள் அடித்துக் கொடுக்கலாம், ஆனால் பிள்ளை சொன்னதையே அடியுங்கள். "இந்நூல் எனக்கு நட்பின் மேன்மையை உணர்த்தியது" என்று ஒன்பது வயதுப் பிள்ளை எதுவும் சொல்லாது. "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் நின்றாய், யாரைப் பிடிக்கவில்லை, எங்கே அலுத்துப்போனது என்று கேளுங்கள். பெயர், பள்ளி, ஊர் எதுவும் வேண்டாம். பட்டப்பெயரும் வயதும் போதும்.

முதல் கருத்து ஓர் ஐந்து வயதுக்காரியுடையது. அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். தட்டில் எட்டு லட்டு, கிட்டு நாலு தின்பான், பட்டு நாலு தின்பாள், தட்டு காலி. பாடி முடித்துவிட்டு அவள் சொன்னது: "ரெண்டு பேரும் அம்மாவுக்கு ஒண்ணுகூட வைக்கல. இதுக்குப் பாட்டு வேற." எத்தனையோ வகுப்பறைகளில் இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன். அம்மாவின் பங்கை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

குட்டி_ஆமை (வயது 10)

எனக்கு டோட்டோ-சான் பிடிக்கும். ஜன்னலில் ஒரு சிறுமி என்று அட்டையில் இருக்கும். அதில் டோட்டோ-சானுடைய பர்ஸ் கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிடும். அவள் பெரிய கரண்டி மாதிரி ஒன்றை எடுத்து வந்து குழியில் இருப்பதை எல்லாம் அள்ளி அள்ளி வெளியே போடுவாள். ஹெட்மாஸ்டர் அந்தப் பக்கம் வருவார். திட்டுவார் என்று நினைத்தேன். "முடிந்ததும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்!! அந்தப் பக்கத்தை நான் என் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவன் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்துவிட்டான். அம்மா சாப்பிடும்போது படிக்காதே என்றார்.

பர்ஸ் கிடைக்கவே கிடைக்காது. அதுவும் எனக்குப் பிடித்தது. எப்போதும் கதையில் எல்லாம் கிடைத்துவிடும்.

மழைக்காகம் (வயது 12)

எனக்கும் அதே புத்தகம்தான், ஆனால் விளையாட்டு விழா வருகிற இடம். தகஹாஷி என்ற பையன் உயரமாக வளர மாட்டான். கையும் காலும் குட்டையாக இருக்கும். எல்லாப் போட்டியிலும் அவன்தான் முதல் பரிசு வாங்குவான், ஏனென்றால் ஹெட்மாஸ்டர் போட்டிகளை அப்படி அமைத்திருப்பார். யாரும் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். படிக்கும்போது நானாகவே கண்டுபிடித்தேன், அதனால் பிடித்தது. பரிசாக முள்ளங்கியும் கீரைக்கட்டும் கொடுப்பார்கள். எங்கள் பள்ளியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

சிந்தனைச்சிற்பி

அருமையான தேர்வு. மாற்றுக் கல்விச் சிந்தனையின் முன்னோடி ஆவணம் அது. குழந்தைமையச் செயல்பாட்டுக் கற்றலை நம் சூழலில் எவ்வாறு பொருத்துவது என்பது குறித்து விரிவான உரையாடல் தேவை. போட்டி மனப்பான்மையை விதைக்கும் இன்றைய

நூலக_அக்கா

சார், மன்னிக்கவும், மீதியை நான்தான் வெட்டினேன். ஆசிரியர்கள் பகுதியில் இதற்குத் தனி இழை ஓடுகிறது, அங்கே போட்டால் நல்ல பதில்கள் வரும். இங்கே இருக்கையெல்லாம் சின்னது, நமக்குக் கால் மடங்காது.

குட்டி_ஆமை (வயது 10)

அக்கா, டோட்டோ-சான் நிஜமா கதையா?

நூலக_அக்கா

நிஜம்தான் கண்ணு. எழுதியவர் தெத்சுகோ குரோயநாகி. அவர்தான் டோட்டோ-சான். பெரியவளாகி ஜப்பான் தொலைக்காட்சியில் ரொம்பப் பிரபலமாகிவிட்டார். 1981-ல் இந்தப் புத்தகத்தை எழுதினார். ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கிற அந்தப் பள்ளியும் டோக்கியோவில் உண்மையாகவே இருந்தது. பிறகு அதற்கு என்ன ஆயிற்று என்பது கடைசி அத்தியாயத்தில் வரும். அதை நான் சொல்ல மாட்டேன்.

வேதாளம்_2 (வயது 11)

தாத்தா வீட்டில் பழைய அம்புலிமாமாக்களை பைண்டு பண்ணி வைத்திருக்கிறார்கள். நான் வேதாளக் கதை மட்டும்தான் படிப்பேன். எனக்கு ஒரு சந்தேகம், யாரும் பதில் சொல்லவில்லை. விக்கிரமாதித்தன் விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். பேசினால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் போய்விடும். சரி. ஆனால் "தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன?

புளியங்கொட்டை (வயது 9)

"தெரியாது" என்று சொன்னாலும் பேசியதுதானே. வேதாளம் போயிடும்.

மழைக்காகம் (வயது 12)

அவனுக்கு விடை தெரியும். தெரியாது என்றால் பொய். ராஜா பொய் சொல்ல மாட்டார்.

வேதாளம்_2 (வயது 11)

அப்படியானால் எழுதிக் காட்டலாமே?

புளியங்கொட்டை (வயது 9)

படத்தைப் பார். தோளில் பிணம். ஒரு கையால் அதைப் பிடிக்க வேண்டும். இன்னொரு கையில் வாள். எதை வைத்து எழுதுவார்? மூக்காலா?

பழைய_பேப்பர்

தம்பி புளியங்கொட்டைக்கு ஒரு சபாஷ். அந்தப் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். வாழ்நாளில் பெரும்பகுதி அம்புலிமாமாவுக்காகவே வரைந்தவர், 2020-ல் காலமானார். இதழ் 1947-ல் தொடங்கியது. பழைய வேதாளக் கதைகள் மொத்தமே இருபத்தைந்துதான். அம்புலிமாமாவிலோ மாதம் தவறாமல் வந்துகொண்டே இருந்தன, ராஜாவும் மரத்துக்கும் சுடுகாட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். கதை தீர்ந்தபிறகு அவர்களாகவே புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். சின்ன வயதில் எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

வேதாளம்_2 கேட்டதற்குப் பழைய கதையிலேயே பதில் இருக்கிறது. கடைசிக் கதையில் வேதாளம் ஓர் உறவுமுறைச் சிக்கலைப் போடும், அதற்கு ராஜாவுக்கே விடை தெரியாது. அதனால் வாயைத் திறக்க மாட்டார். அங்கேதான் ஆட்டம் முடியும்.

வேதாளம்_2 (வயது 11)

அதாவது தெரியாததால்தான் ஜெயித்தாரா!! தேங்க்ஸ் மாமா. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லப்போகிறேன். தெரியாமல் நின்றால் எங்களை வெளியே அனுப்புவார்கள்.

சிவகாசி_மருமகள்

என் மகனுக்குப் பத்து வயது. படக்கதை தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறான். மாமனார் முத்து காமிக்ஸ் பைத்தியம், அவர் கொடுத்த பழக்கம். நல்ல கதைப்புத்தகம் வாங்கிக் கொடுத்தால் படம் இருக்கிற பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறான். இது சரியாகுமா? அவன் சொன்னதை அப்படியே அடிக்கிறேன்:

"இரும்புக்கை மாயாவி கரண்ட்டைத் தொட்டா மறைஞ்சிடுவார். இரும்புக்கை மட்டும் தெரியும். அவர் சட்டையும் சேர்ந்து மறையுது. சட்டைக்கு எப்படி கரண்ட் பாயும்? பருத்திச் சட்டைல பாயாதுன்னு சயின்ஸ்ல இருக்கு. ஆனா சட்டை மறையலைன்னா கதை நல்லா இருக்காது, அதனால விட்டுட்டேன். கை மட்டும் தனியா மிதந்து வந்து கதவத் திறக்கிற படம் சூப்பர்."

பழைய_பேப்பர்

அம்மா, இதில் சரியாக்க என்ன இருக்கிறது? ஒரு கதைக்குள் எந்த விதியை விட்டுக்கொடுக்கலாம், ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பையன் யோசித்து முடிவெடுத்திருக்கிறான். பத்து வயதில் எனக்கு இவ்வளவு தெளிவு கிடையாது. முத்து காமிக்ஸ் 1972-ல் உங்கள் ஊரிலிருந்துதான் வந்தது, முதல் இதழே மாயாவிதான். 1984-ல் லயன் வந்தது. அவற்றைப் படித்து வளர்ந்த நாங்கள் எல்லாரும் பிறகு வேறு புத்தகங்களும் படித்தோம், சிலர் மாயாவியோடு நின்றுவிட்டார்கள், அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மாமனாரிடம் மட்டும் சண்டை போட்டுவிடாதீர்கள். பழைய முத்து காமிக்ஸ் வைத்திருப்பவரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது.

ஓட்டைப்பல் (வயது 9, அத்தை அடித்தது)

எனக்குக் குட்டி இளவரசன் பிடிக்கலை. அப்பா ரொம்ப நல்ல புத்தகம்னு வாங்கிக் கொடுத்தார். யானையை முழுங்கின பாம்பு படம் நல்லா இருந்துச்சு. விளக்கு ஏத்துறவர் நல்லா இருந்தார், அவருக்கு ஒரு நிமிஷம்தான் ஒரு நாள், தூங்கவே முடியாது, பாவம். மத்ததெல்லாம் பேசிட்டே இருக்காங்க. ரோஜா சும்மா சும்மா கோவிச்சுக்குது. கடைசில அவன் செத்துட்டானா ஊருக்குப் போயிட்டானான்னு ஒழுங்கா சொல்லலை. அப்பாகிட்ட கேட்டா அவர் அழுதுட்டார். எனக்கு பயமா இருந்துச்சு.

மாலைநேரத்து_மனிதன்

குழந்தாய், இன்னும் சில ஆண்டுகள் கழித்து அதை மீண்டும் படித்துப் பார். உலகின் மிகச் சிறந்த புத்தகங்களில் ஒன்று அது. ரோஜாவின் கோபத்துக்குள் இருக்கும் அன்பை

யாழ்_பறவை

உண்மை. அதன் ஆழம் புரிய வயது வேண்டும். பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழுக்கு வந்த மொழிபெயர்ப்பு, க்ரியா 1981-ல் வெளியிட்டது. அந்தத் தமிழுக்காகவேனும் படிக்க வேண்டும்.

மாலைநேரத்து_மனிதன்

எந்த மனநிலையில் படிக்கிறோம் என்பதும் முக்கியம். நான் முதுகலை முடித்த ஆண்டு

நூலக_அக்கா

ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்று சொன்னதும் பெரியவர்கள் இத்தனை பேர் ஓடி வந்திருக்கிறீர்கள். பிடித்தது என்று சொன்ன பிள்ளைகளிடம் ஒருவரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை.

ஓட்டைப்பல், நீ சொன்னதில் தப்பே இல்லை. விளக்கு ஏற்றுகிறவரைப் பிடித்தது என்றாயே, அவரைப் பற்றி இன்னும் சொல்லு.

ஓட்டைப்பல் (வயது 9, அத்தை அடித்தது)

அவர் கிரகம் வேகமா சுத்துது. ஏத்தினதும் அணைக்கணும், அணைச்சதும் ஏத்தணும். யாராவது அவருக்கு சுவிட்ச் வாங்கிக் கொடுக்கலாம். அவர் ஒருத்தர்தான் வேலை பார்க்கிறார், மத்தவங்க எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்காங்க.

அரசுப்பள்ளி_வாத்தியார்

இழையை இப்போதுதான் பார்த்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் சார்பாகக் கொஞ்சம் எழுதுகிறேன், அவர்களிடம் கைபேசி கிடையாது.

2023-ல் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். எல்லாம் ஒல்லியான புத்தகங்கள், உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடலாம். பிள்ளைகளுக்கு முதலில் பிடித்தது அதுதான், "சார், ஒரு முழுப் புத்தகம் முடிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொள்வது. பாடப்புத்தகத்தை யாரும் முடித்ததாகச் சொல்வதில்லை, அது ஏப்ரலில் தானாக முடியும்.

எட்டாம் வகுப்புப் பையன்கள் "பற" எடுக்க வேண்டியவர்கள். சிலருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அவர்கள் "நுழை" புத்தகத்தை எடுத்துக்கொண்டு "தம்பிக்கு சார்" என்பார்கள். நானும் தம்பிக்குத்தான் என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். தம்பியே இல்லாதவனும் உண்டு. மறுவாரம் வந்து அந்தத் தம்பிக்கு அணில் கதை பிடித்ததா என்று கேட்டால், அரை மணி நேரம் சொல்வான்.

பிடித்ததா என்று நான் கேட்பதில்லை. "பிடிச்சது சார்" என்று ஒரே குரலில் வரும், அதோடு முடிந்தது. "இந்தக் கதையில் வருகிறவர்களில் யாரை நம் வகுப்பில் சேர்க்கலாம், எந்தப் பெஞ்சில் உட்காரவைக்கலாம்?" என்று கேட்பேன். அப்புறம் வகுப்பு என் கையில் இருக்காது. நரியை முதல் பெஞ்சில் போடு, அப்போதுதான் கண்ணில் படும் என்று ஒருத்தி. நரி இருந்தால் நான் டி.சி. வாங்கிக்கொள்கிறேன் என்று இன்னொருத்தி.

ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறார் இதழ்களும் 2022 முதல் பள்ளிகளுக்கு வருகின்றன. ஊஞ்சல் நாலு, ஐந்தாம் வகுப்புக்கு, தேன்சிட்டு ஆறிலிருந்து ஒன்பது வரை. பிள்ளைகள் முதலில் பார்ப்பது மற்ற பள்ளிப் பிள்ளைகள் எழுதியதைத்தான். "இதைவிட நான் நல்லா எழுதுவேன் சார்" என்பதுதான் வழக்கமான விமர்சனம்.

தென்னங்கீற்று (வயது 11)

மரப்பாச்சி சொன்ன ரகசியம். எஸ். பாலபாரதி எழுதியது. யாராவது தப்பாகத் தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் வருகிறது. பள்ளியில் இதையே வகுப்பு எடுத்தார்கள், எல்லாரும் குனிந்துகொண்டு சிரித்தோம். புத்தகத்தில் பொம்மை பேசுவதால் எனக்கு வெட்கமாக இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் கொடுத்து நீயும் படி என்றேன். படித்துவிட்டு, அன்றைக்கு நாங்கள் நிறைய நேரம் பேசினோம்.

யாழ்_பறவை

2020-க்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நூல். பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுப்பதைவிட, இந்தப் பிள்ளை செய்த மாதிரி அவர்கள் கொடுத்து நாம் படிப்பது நல்ல முறை.

ஆயிரங்கால் (வயது 14)

இங்கே எல்லாரும் சின்னப் பிள்ளைகள். பரவாயில்லை. எனக்கு இரா. நடராசனின் ஆயிஷா. ரொம்பச் சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள், அதற்காக அடி வாங்குவாள். முடிவைச் சொல்ல மாட்டேன். கதையைச் சொல்வது அவளுடைய டீச்சர். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆயிஷா சொல்லியிருந்தால் நாம் அவள் பக்கம் இருந்திருப்போம், நிம்மதி. டீச்சர் சொல்வதால் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பக்கம் நாமும் நிற்க வேண்டியிருக்கிறது.

படித்த பிறகு நான் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். பதில் வந்தது, அடி வரவில்லை. ஆனால் கேட்பதற்கு முன்னால் அவளை நினைத்தேன்.

சிவகாசி_மருமகள்

என் மகளுக்கு எட்டு வயது, ஆயிஷா கொடுக்கலாமா?

ஆயிரங்கால் (வயது 14)

இப்போது வேண்டாம் ஆன்ட்டி. ஏழாம் வகுப்பு வந்ததும் கொடுங்கள். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

டொராண்டோ_அம்மா

எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பையன். தமிழ் பேசுவான், வாசிப்பது மெதுவாகத்தான். தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படக்கதைகள் வாங்கினோம். ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். அவன் கருத்து: "இங்கிலீஷை டேப் போட்டு மறைச்சுடு அம்மா, என் கண்ணு தானா அங்க ஓடுது." மறைத்துவிட்டோம். இலவசமாக வேண்டுபவர்களுக்கு: பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. மொழிபெயர்ப்பு எல்லாம் ஒரே தரம் இல்லை, நீங்கள் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வைகைக்கரை (வயது 12)

உதயசங்கர் எழுதிய ஆதனின் பொம்மை. கீழடிக் கதை. ஒரு பையன் பழைய காலத்துக்கே போய்விடுவான். கீழடி அருங்காட்சியகம் எங்களுக்குப் பக்கம், பள்ளியில் கூட்டிப்போனார்கள். அப்போது எனக்கு எல்லாம் ஓடு ஓடாகத் தெரிந்தது. புத்தகம் படித்த பிறகு அப்பாவோடு மறுபடி போனேன். பானை ஓட்டில் ஆதன் என்று கீறியிருக்கிறது. அப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். நான் அந்தப் பையனைத் தெரிந்த மாதிரி நின்றேன். பிடிக்காதது ஒன்று: பழைய காலத்தில் அவன் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

கட்டுவிரியன் (வயது 10)

நான் கதை படிக்க மாட்டேன். பாம்புப் புத்தகம் மட்டும்தான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கும் நம் ஊரில் முக்கியமான விஷப்பாம்புகள். எனக்குப் பிறந்தநாளுக்கு ஒரு கதைப்புத்தகம் கொடுத்தார்கள். அதில் பாம்பு பால் குடிக்கிறது. பாம்பு பால் குடிக்காது. மூடி வைத்துவிட்டேன்.

புளியங்கொட்டை (வயது 9)

கதையில் சிங்கம் பேசுது, முயல் பேசுது. அது மட்டும் ஓகேவா?

கட்டுவிரியன் (வயது 10)

சிங்கம் பேசுவது கதை. அதை யாரும் நம்ப மாட்டார்கள். பால் குடிப்பதை நம்புவார்கள், புற்றில் கொண்டுபோய் ஊற்றுவார்கள்.

வேதாளம்_2 (வயது 11)

வேதாளம்?

கட்டுவிரியன் (வயது 10)

வேதாளத்துக்கு யாரும் பால் ஊற்றவில்லை, அதனால் சரி. அந்தக் கதையில் பாம்பு வருமா?

வேதாளம்_2 (வயது 11)

ஒன்றில் வரும். கழுகு ஒரு பாம்பைத் தூக்கிக்கொண்டு மேலே பறக்கும், பாம்பின் வாயிலிருந்து விஷம் கீழே இருக்கிற சோற்றில் சொட்டும். அதைச் சாப்பிட்டவர் செத்துவிடுவார். குற்றம் யாருடையது என்று வேதாளம் கேட்கும். கழுகா, பாம்பா, சோறு போட்டவரா?

கட்டுவிரியன் (வயது 10)

விஷம் வயிற்றுக்குள் போனால் சாக மாட்டார்கள், ரத்தத்தில் கலந்தால்தான் ஆபத்து. வாயில் புண் இருந்திருந்தால் சொல்ல முடியாது. அவருக்கு வாயில் புண் இருந்ததா என்று பார்த்துச் சொல். எந்த மாத அம்புலிமாமா?

பழைய_பேப்பர்

பார்த்துச் சொல்கிறேன் தம்பி. பரண் மேல் இருக்கிறது, ஏணி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

நூலக_அக்கா

அதுவரை கட்டுவிரியனுக்கு ஒரு வேலை. விஷம் வயிற்றுக்குள் போனால் சாக மாட்டார்கள் என்று நீ சொன்னது எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று போடு. புளியங்கொட்டை எப்படியும் கேட்பான்.